ஒன்றுக்கு மூன்று

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
ஆகஸ்ட் இரவு
ஈரத்துணி போல் முகத்தில் ஒட்டுகிறது.
உருக்காலை வெளிச்சத்துக்கும் கடலுக்கும் நடுவே
எங்கள் உலை.
இரண்டு ஆள் உயரம், எண்ணூறு டிகிரி,
உள்ளே நிக்கல் ஏற்றிய குருணை.

கீழிருந்து மீத்தேன் ஏறுகிறது.
குருணையைத் தொட்டதும்
நான்கு கையிலும் பிடித்திருந்ததை விட்டுவிட்டுக்
கரி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.
ஹைட்ரஜன் இரண்டிரண்டாக மேலே போகிறது,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

தீ இல்லை. புகை இல்லை.
(உலையைச் சூடாக்கும் மின்சாரம் எங்கிருந்து என்று
ஷிஃப்டில் யாரும் கேட்பதில்லை.
அந்த மின்நிலையத்தின் புகைபோக்கி
கழிப்பறை ஜன்னலில் நன்றாகத் தெரியும்.)

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மூன்று கிலோ கரி.
பள்ளிக்கூடத்துக் கணக்குதான்.
ஒன்றைக் குழாய் கொண்டுபோகிறது,
மூன்றை நான்.
வெள்ளிக்கிழமை இரண்டு தரம் தலைக்குக் குளித்தாலும்
தலையணையில் என் காதின் அச்சு.

பதினோராம் இரவு உலைக்கு மூச்சு முட்டியது.
அடியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போக
புதைனா அல் மாமரி திரையைப் பார்த்தபடி
அரபியில் திட்டினாள். எனக்குப் புரிந்தவரை:
தின்னத் தெரிந்ததற்குத் துப்பத் தெரியவில்லை.
நிறுத்தினோம். நைட்ரஜன் விட்டோம்.
ஆற ஒன்றரை நாள்.
மூடியைக் கழற்றினால்
குழாயின் அளவுக்கே வார்த்ததுபோல் கரித்தூண்.
தில் பகதூர் கம்பியால் தட்டினான்.
கோயில் தூண்போல் ஒலிக்குமென்று நினைத்தேன்.
தொப்.

ஆய்வகத்திலிருந்து படம் வந்தது,
லட்சம் மடங்கு பெரிதாக்கியது.
கரி, இழை இழையாக.
ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு நிக்கல் மணி.
தான் பெற்ற இழையே தன்னைத்
தரையிலிருந்து பெயர்த்துத் தூக்கி வைத்திருக்கிறது.
“பாவம்,” என்றாள் புதைனா.
“என்ன பாவம், அங்கிருந்தும் வேலை செய்கிறதே.”
“மேலே மூடுகிற வரைக்கும்.”

செவ்வாயன்று விருந்தினர்.
குஞ்சம் வைத்த திஷ்தாஷா ஏழு, கோட்டு இரண்டு.
ஹைட்ரஜனைக் காட்டுங்கள் என்றார்கள்.
எதைக் காட்ட?
நிறமில்லை, மணமில்லை,
கொளுத்தினாலும் வெயிலில் சுடர் தெரியாது.
புதைனா பேரீச்ச ஓலைத் துடைப்பம் ஒன்றை எடுத்துக்
குழாய் முனைக்கு மேல் நீட்டினாள்.
ஒன்றுமில்லாத இடத்தில்
துடைப்பம் பற்றிக்கொண்டது.
கைதட்டினார்கள்.

ஒருவர் மட்டும், இளவயது,
தட்டாமல் டிரம் பக்கம் வந்தார்.
இது என்ன?
மிச்சம்.
எங்கே போகும்?
டயருக்கு, மைக்கு, பாட்டரிக்கு என்று
காகிதத்தில் இருக்கிறது;
லாரிதான் இன்னும் வரவில்லை.
குனிந்து தொட்டார்.
வெள்ளைக் கைமடிப்பில் விரலளவு கறுப்பு,
தேய்க்கத் தேய்க்க
முழங்கை வரை போனது.

முகத்தில் கரியைப் பூசிவிட்டான் என்போம்,
மானம் போனால்.
பழந்தமிழில் கரி என்றால் சாட்சி.
எப்போதோ தேர்வுக்குப் படித்தது,
முப்பத்தெட்டு வயதில்
கொட்டகையில் டிரம் எண்ணும்போது உறைத்தது.

புகைபோக்கி வழியே போனது
இந்நேரம் கடல் தாண்டியிருக்கும்.
யார் விட்டது என்று கேட்டால்
காற்று கையை விரிக்கும்.
இது ஓடாது.
எடை போடலாம், எண் ஒட்டலாம்,
எங்கே வைத்தாய் என்று
யாராவது வந்து கேட்டால்
காட்டியாக வேண்டும்.

இன்று மறுபடி உலை ஏறுகிறது, புதுக் குருணையோடு.
எழுநூற்றிருபது. எழுநூற்றெண்பது.
முதல் ஹைட்ரஜன் வரும்போது
ஒரு முள் மட்டும் அசையும்.

நூற்றுநாற்பத்தோராவது டிரம்மை
அதன் இடத்துக்கு உருட்டிவிட்டேன்.
தேதி எழுதச் சாக்பீஸ் தேடினால் காணோம்.
விரலே போதும்.